எலி மூளையில் மூன்று வாரம்

(சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குத் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்பது ஊர்ப்பெயராகக் காதில் விழாது, வசையாகத்தான் விழும். 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். பெயர் மாறியும் நம் வாய் மாறவில்லை.

1978இல் என் சின்ன மாமாவுக்கு நோய் வந்தது. பால்மரம் வெட்டப் போனவர், நிரையின் நடுவில் நின்று யாருமில்லாத இடத்தோடு வாதாடத் தொடங்கினார். இல்லாத குரல்களை அடக்கும் மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் மாத்திரை கொடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் பாட்டி அதை நிறுத்திவிட்டார். "கை கால் விறைக்கிறது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. இது என்ன மருந்து?" என்றார். பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே!

அதே 1978இல் அமெரிக்காவில் பன்னி, கிரேஸ் என்ற இருவர் ஹாலோபெரிடால் கொடுத்த எலிகளின் மூளையை ஆராய்ந்து எழுதினார்கள். முடியைவிட மெல்லிய கண்ணாடி முனையை மயக்கத்திலிருக்கும் எலியின் நடுமூளையில் இறக்குவார்கள். மூளைச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் ஒரே ஒரு செல்லின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்கலாம்: டிக், டிக் என்று, வினாடிக்கு நான்கைந்து முறை. மருந்து உள்ளே போனதும் துடிப்பு அடங்கும் என்றுதானே நினைப்போம்? கூடியது. டோபமினின் வாசலை மருந்து அடைத்ததால், செய்தி போய்ச் சேரவில்லை என்று செல் இன்னும் வேகமாகத் துடித்தது.

மூன்று வாரம் தொடர்ந்து கொடுத்த எலிகளிலோ, பெரும்பாலான செல்கள் மௌனமாகியிருந்தன. செத்துவிட்டனவா? இல்லை. செல்லை அடக்கும் 'காபா' என்ற பொருளைத் துளியளவு விட்டார்கள். அடக்கும் பொருள் பட்டதும், அடங்கிக் கிடந்த செல் மீண்டும் துடித்தது! வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். எய்தபின் நாண் பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் அடுத்த அம்பு. அந்தச் செல்களின் நாண் இழுத்தபடியே நின்றுவிட்டது; காபா அதைத் தளர்த்தியது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

எலிக்குக் குரல்கள் கேட்பதில்லை. நலமான எலியில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றக் கூடாது. மருந்து முழுப் பலன் தர ஏன் வாரக்கணக்கில் ஆகிறது என்பதற்கு இது விளக்கங்களில் ஒன்று, அவ்வளவுதான். சிலருக்கு முதல் வாரத்திலேயே கொஞ்சம் தெளிவு வரும். ஆனால் ஒரு மருந்து பலன் தருகிறதா என்று முடிவுகட்டப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பார்க்கிறார்கள். விறைப்பைத் தாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை; அதற்கு மாற்றுமருந்து உண்டு, அளவையும் குறைக்கலாம்.

இன்னொன்று. இந்த வகையின் முதல் மருந்தான குளோர்புரோமசினை முயலுக்கும் பூனைக்கும் கொடுத்தபோது, மூளை அலைகள் தூக்கத்தில் வருவதுபோல் மெதுவாகிப் பெரிதாயின. இவ்வகை மருந்துகள் வலிப்பு எளிதில் வரவும் வழிவிடும். இவற்றில் ஒன்றான க்ளோசாபின் என்ற மருந்தில் அளவு கூடக் கூட அந்த அபாயமும் கூடும். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு துண்டுச் சீட்டு என் கைக்கு வந்தது. பெயர் இல்லை. "மகனுக்கு மருந்து தொடங்கி ஒன்பது நாள். நிறுத்தலாமா?" எழுதிய தாயே, நாளைக் காலையிலேயே மகனை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். விறைப்பு இருந்தால் சொல்லுங்கள். எத்தனை வாரம் என்று கேட்டு, பதில் வரும்வரை நாற்காலியைவிட்டு எழாதீர்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.