ஊருக்கொரு ஹத்தாத்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது ‘அரபு மொழி அறிந்தவர்’ என்று சொல்லிவிட்டார். அதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த அரபி சவூதி அரேபியாவின் தம்மாமில், கட்டடத் தளத்தில், கம்பி கட்டிக்கொண்டே காதில் விழுந்தது. மீதியைப் பின்னாளில் அகராதியைப் புரட்டிச் சேர்த்துக்கொண்டேன். இன்று நான் பேசப் போவது ஒரே ஒரு குடும்பப் பெயரைப் பற்றி. ஹத்தாத்.

அந்தப் பெயரை முதலில் நான் பார்த்தது என்னுடைய இகாமா அட்டையில்தான், அதாவது அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டையில். தொழில் என்ற வரிக்கு எதிரே நான்கே எழுத்து: ஹா, தால், அலிஃப், தால். அறையில் இருந்த மூத்தவர் ஒருவர் வாசித்துக் காட்டினார். “ஹத்தாத். கொல்லன் என்று அர்த்தம் தம்பி” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் கொல்லன் என்றால் உலை வேண்டும், துருத்தி வேண்டும், கொழு அடிக்கத் தெரிய வேண்டும். நானோ மேசையில் கம்பியை வளைத்து, கொக்கியால் கட்டுக்கம்பியை முறுக்கி, தூணுக்குக் கூடு கட்டுகிறவன். நெருப்பின் பக்கமே போனதில்லை. ஆனால் அரபியில் இரும்பைத் தொட்டு வேலை செய்தால் ஹத்தாத்தான். இரும்புக்கு அங்கே ‘ஹதீத்’ என்று பெயர். குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்துக்கும் அதுவே பெயர்.

மாதக் கடைசியில் வருகைப் பதிவேடு வந்தது. அடியில் பொறியாளர் கையெழுத்து. அதிலும் அதே நான்கு எழுத்து! இவருக்கும் இதே வேலையா என்று விழித்தேன். அது அவருடைய குடும்பப் பெயர். ஜோர்டான்காரர், கிறிஸ்தவர். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் “யா ஹத்தாத்” என்று அவர் கூப்பிடுவதும், நானும் திரும்ப “யா ஹத்தாத்” என்பதும் தளத்தில் வழக்கமாகிப்போனது.

சொல்லுக்குள் கொஞ்சம் போவோம். அரபியில் ஒரு தொழிலைச் செய்கிறவனுக்குப் பெயர் வைக்க ஓர் அச்சு இருக்கிறது. மூன்று வேர் எழுத்தை எடுத்து, நடு எழுத்தை அழுத்தி, அதற்குப் பின் ஒலியை நீட்டினால் தொழிலாளி பிறந்துவிடுவான். நஜ்ஜார் தச்சன். கப்பாஸ் ரொட்டி சுடுகிறவன். கய்யாத் தையற்காரன். சப்பாக் சாயம் போடுகிறவன். இவை எல்லாமே இன்று குடும்பப் பெயர்கள். இந்த அச்சில் வார்த்த இரண்டு சொற்கள் நம் கடைத்தெருவிலேயே கிடக்கின்றன. கசாப்புக் கடை என்கிறோமே, அது ‘கஸ்ஸாப்’, இறைச்சி வெட்டுகிறவன். சராப்பு என்று பழைய கணக்குகளில் வருமே, அது ‘ஸர்ராஃப்’, காசு மாற்றுகிறவன். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. கசாப்புக்கும் ஹத்தாத்துக்கும் அச்சு ஒன்றுதான்.

இந்த வேரில் இரும்பு மட்டும் இல்லை. ‘ஹத்து’ என்றால் எல்லை, வரம்பு, கத்தியின் கூர்முனை. மார்க்கச் சட்டத்தில் வரையறுத்த தண்டனையை ஹத்து என்பதும் இதனால்தான். கணவனை இழந்த பெண் இத்தா என்ற காத்திருப்புக் காலத்தில் இருக்கும் நாட்களில் அலங்காரத்தை விலக்குவது ‘இஹ்தாத்’. தடுப்பது, வரம்பு கட்டுவது என்ற பொருளிலிருந்து வந்தது. பழைய அரபு அகராதிகளில் ஹத்தாத் என்பதற்கு வாயிற்காவலன், சிறைக்காவலன் என்ற பொருளும் உண்டு. ஆகவே ஏதோ ஒரு ஹத்தாத் குடும்பத்தின் மூதாதை சம்மட்டியே பிடிக்காமல், கோட்டை வாசலில் ஈட்டியோடு நின்றவராகவும் இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு தவறான பெருமையைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். சிரியாவில் பண்டைக் காலத்தில் ஹதத் என்று ஓர் இடி மழைத் தெய்வம் இருந்தது. டமாஸ்கஸில் இன்று உமையா பள்ளிவாசல் நிற்கும் இடத்தில் முதலில் இருந்தது அந்தத் தெய்வத்தின் கோயில்தான். தமிழ் பைபிளில் பெனாதாத் என்று ஓர் அரசன் வருகிறானே, ‘ஹதத்தின் மகன்’ என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். எங்கள் பெயர் அந்தத் தெய்வத்திலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. கொல்லன் என்பதைவிடத் தெய்வம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அரபியில் இரண்டு ஹ இருக்கின்றன. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் முன் வாயால் ஊதுகிறோமே, தொண்டையைச் சுருக்கி ‘ஹா’ என்று, அந்த ஹ ஒன்று. நெஞ்சிலிருந்து சும்மா வரும் மூச்சு இன்னொன்று. கொல்லன் கண்ணாடி துடைக்கிற ஹ. தெய்வம் சும்மா மூச்சு. தமிழில் ஒரே ஒரு ஹ-வை, அதுவும் கிரந்தத்திடம் கடன் வாங்கி வைத்திருக்கிற நமக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதில் வியப்பில்லை. அரபியில் எழுதினால் முதல் எழுத்திலேயே வேறுபட்டுவிடும்.

கொல்லனுக்கு அரபு நாட்டில் மரியாதை இருந்ததா என்று கேட்டால், ஒட்டகமும் குதிரையும் வைத்திருந்த பாலைவனக் குலங்கள் கைத்தொழிலை மட்டமாகவே பார்த்தன. பழைய காலத்தில் கொல்லனுக்குக் ‘கைன்’ என்ற சொல்தான் அதிகம் வழங்கியது. உமையா காலத்துக் கவிஞர் ஜரீர், தம் போட்டியாளர் ஃபரஸ்தக்கை வசைபாடும்போதெல்லாம் ‘கைனின் மகனே’ என்றுதான் குத்துவார். அது ஒரு வசை! மக்காவில் நபித்தோழர் கப்பாப் வாள் அடிக்கும் கொல்லராக இருந்தார். வேலை செய்த கூலியைக் கேட்கப் போனபோது, “முஹம்மதை மறுத்தால்தான் தருவேன்” என்றானாம் ஆஸ் இப்னு வாயில் என்ற பெரிய மனிதன். கூலி பாக்கி வைக்கிற பெரிய மனிதர்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

வசையாக இருந்த தொழில் எப்படிப் பெருமையோடு சூடும் பெயரானது? கிராமத்துக்குப் போனால் விடை கிடைக்கும். லெபனான் மலையிலும் சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் உழவு செய்த ஊர்களில், கொழு முனை மழுங்கினால் கொல்லனிடம்தான் போக வேண்டும். ஊருக்கு ஒருவர் இருப்பார். ‘கொல்லர் வீடு எது’ என்று கேட்டால் சிறு பிள்ளையும் கை காட்டும். பிறகு ‘கொல்லர் வீட்டுப் பையன்’. பேரன் பட்டறையை விட்டாலும் வீட்டுக்கு ஒட்டிய பெயர் போகாது. இதனால்தான் ஒரு ஹத்தாத்துக்கும் இன்னொரு ஹத்தாத்துக்கும் இரத்தத் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குறைஷி, ஹாஷிமி போன்ற பெயர்கள் ஒரு முன்னோரைச் சுட்டுபவை. ஹத்தாத் சுட்டுவது ஒரு பட்டறையை. பட்டறை எத்தனையோ அத்தனை ஊற்று. முஸ்லிம்களில் ஹத்தாத் உண்டு, கிறிஸ்தவர்களில் ஏராளம், துனீசியாவின் யூதர்களிலும் உண்டு. வம்ச வரைபடம் போட்டு எல்லா ஹத்தாத்தையும் ஒரே மரத்தில் ஏற்றப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். நம் நாட்டு ஆசாரிகள் அத்தனை பேரையும் ஒரே தாத்தாவின் பேரன்கள் என்றால் எப்படி இருக்கும்?

பொறியாளர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். சுலைமானி தேநீரோடு ஒரு நாள் தம் குலக் கதையைச் சொன்னார். ரமல்லா நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை அது. 16ஆம் நூற்றாண்டில், இன்றைய ஜோர்டானின் தென்பகுதியில் ராஷித் ஹத்தாதீன் என்ற கிறிஸ்தவக் குலத்தலைவர் இருந்தார். ஹத்தாதீன் என்றால் கொல்லர்கள். அவர் வீட்டில் பெண் குழந்தை பிறந்தபோது முஸ்லிம் ஷேக் ஒருவர் பார்க்க வந்தார். குழந்தையைப் புகழ்ந்தார். ராஷித் உபசாரமாக, “உங்கள் வீட்டுக்கே வரட்டும்” என்றார். நம் வீடுகளிலும் இப்படித்தானே சொல்வோம்? பெண் வளர்ந்ததும் ஷேக் அதை வாக்காக எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வந்து நின்றார். மதம் வேறு, கொடுக்க முடியாது, மறுத்தால் சண்டை. ராஷித் இரவோடு இரவாகக் குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு ஆற்றைத் தாண்டி, ஜெருசலேமுக்கு வடக்கே ஒரு மேட்டில் வந்து தங்கினார். ஏன் அந்த இடம்? மரங்கள் அடர்ந்திருந்தன. கொல்லனுக்குக் கரி வேண்டும், கரிக்கு விறகு வேண்டும். அந்த மேடுதான் ரமல்லா. ஊரின் மூலக் குடும்பங்கள் ராஷித்தின் ஐந்து மகன்கள் வழி வந்தவை என்பார்கள். நகர நடுவிலுள்ள மனாரா சதுக்கத்தின் சிங்கச் சிலைகள் அந்தக் குடும்பங்களைக் குறிப்பவை. கதையில் எத்தனை விழுக்காடு வரலாறு என்று தெரியாது. உலைக்கு விறகு தேடி ஓர் ஊர் பிறந்தது என்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

வடஆப்பிரிக்காவில் இந்தப் பெயருக்கு வேறு மணம். அல்ஜீரியாவின் கபீல் மலைப் பகுதியில் ஷேக் ஹத்தாத் என்றால் 1871 நினைவுக்கு வரும். ரஹ்மானிய்யா தரீக்கா என்ற சூஃபி நெறியின் தலைவர் அவர்; கொல்லர் குடும்பத்தில் வந்தவர். அந்த ஆண்டு ஏப்ரல் 8 அன்று செத்தூக்கில், நடக்கவே தள்ளாடும் வயதில், கூட்டத்தின் நடுவே தம் கைத்தடியை வீசியெறிந்து, பிரெஞ்சுக்காரர்களை இப்படியே கடலில் எறிவோம் என்றாராம். மலை முழுதும் கிளர்ந்தது. கிளர்ச்சி தோற்றது, அவர் 1873இல் சிறையில் இறந்தார். மகன் அஸீஸைப் பசிபிக் கடலின் நடுவே நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தினார்கள். கொஞ்ச நாளில், 1882இல், அதே பிரெஞ்சு அரசு ஒவ்வொரு குடும்பமும் நிலையான பெயர் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டது. அதுவரை ஆளின் பெயர், தந்தை பெயர், ஊர், பட்டம், தொழில் எல்லாம் சூழலுக்குத் தக்கபடி முன்னும் பின்னும் வரும். பேரேடு திறந்ததும் அன்று நாக்கில் இருந்தது அப்படியே உறைந்துபோனது. பெயர் பதியாதவருக்குக் ‘குடும்பப் பெயர் இல்லை’ என்பதன் சுருக்கமே பெயராக எழுதப்பட்டது.

இனி ஹளரமவ்த்துக்கு வருகிறேன். அங்கிருந்துதான் இந்தப் பெயர் நம் காதுக்கும் வந்தது. அது இன்றைய ஏமனில் உள்ள பகுதி; அதில் தரீம் என்று ஓர் ஊர். அங்கே நபிவழித் தோன்றல்களான பா அலவி சையிதுகளில் அஹ்மத் என்றொருவர். அதே பெயரில் வேறு சிலரும் இருந்தார்கள். இவர் ஒரு கொல்லன் கடையில் அடிக்கடி உட்கார்ந்திருப்பாராம். ‘இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை’ என்று நாம் கேட்போம். தரீம்காரர்கள் கேட்கவில்லை, கொல்லன் அஹ்மத் என்று அடையாளம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அரபு உலகின் மிக உயர்ந்த வம்சாவளியைக் கையில் வைத்திருந்த குடும்பம், உட்கார்ந்த இடத்தால் கொல்லனானது! அந்த வழியில் 1634இல் பிறந்தவர்தான் இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்-ஹத்தாத். நான்கு வயதளவில் அம்மையில் பார்வை போனது. 1720 வரை வாழ்ந்தார். 1661இல் அவர் தொகுத்த திக்ரு வரிசைதான், அதாவது இறைவனை நினைத்து ஓதும் சொற்களின் வரிசைதான், ஹத்தாத் ராத்தீபு. கேரளத்திலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் இரவுத் தொழுகைக்குப் பின் அதை ஓதக் கேட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். ‘ஹத்தாத் ஓதியாச்சா’ என்று கேட்கிறார்களே, அங்கே அது ஒரு குடும்பத்தின் பெயரே அல்ல. அந்த நேரத்தின் பெயர்.

அதே குடும்பத்தார் பாய்க்கப்பலில் ஜாவாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். மலாயாவின் ஜொகூரில் முஃப்தியாக, அதாவது மார்க்கத் தீர்ப்பு சொல்பவராக, நீண்ட காலம் இருந்தவர் அலவி இப்னு தாஹிர் அல்-ஹத்தாத். ஜகார்த்தாவின் தஞ்சோங் பிரியோக் துறைமுகத்தில், கண்டெய்னர் அடுக்குகளின் நடுவே, ஹபீப் ஹசன் அல்-ஹத்தாத்தின் அடக்கத்தலம் இருக்கிறது. 2010இல் அதை அகற்றப் போகிறார்கள் என்று பரவிய செய்தியால் பெரிய கலவரமே நடந்தது.

மேற்கே போனவர்கள் வேறு வகை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து லெபனான், சிரியா கிறிஸ்தவர்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். கையில் உஸ்மானிய அரசின் காகிதம். ஆகையால் பிரேசிலில் அவர்களுக்குத் ‘துர்க்கோ’, துருக்கிக்காரன் என்று பெயர். தலையில் துணி மூட்டையோடு ஊர் ஊராக விற்றுப் பிறகு கடை வைத்தவர்கள். பிரேசிலின் கல்வி அமைச்சராகவும், சாவோ பாவுலோ மேயராகவும் இருந்து, 2023இல் நிதியமைச்சரான ஃபெர்னாந்தோ ஹத்தாத் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. தந்தை 1947இல் லெபனானிலிருந்து வந்து துணி வியாபாரம் செய்தவர். தாத்தா லெபனானில் ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். பாதிரியார் வீட்டுக்கு அங்கே ‘கூரி’ என்று தனிப் பெயரே உண்டு, அது ஒட்டவில்லை. பாதிரியார், ஜவுளிக்காரர், நிதியமைச்சர் என்று மூன்று தலைமுறை வேலை மாறியும் வீட்டுப் பெயர் கொல்லன்தான். அதோடு பிரேசில்காரர்கள் ஹ-வை உச்சரிக்க மாட்டார்கள்; கடைசி எழுத்து ‘ஜி’ ஆகிவிடும். அவரை அவர்கள் கூப்பிடுவது ‘அடாஜி’ என்று. கண்ணாடி துடைக்கிற ஹ கடலிலேயே விழுந்துவிட்டது.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஏழாம் ஆண்டில் எனக்கு முதுகு வலி வந்து, ஸ்டோருக்கு மாற்றினார்கள். இகாமா புதுப்பித்தபோது தொழில் வரியும் மாறியது. கிடங்குக் காப்பாளன் என்று வந்தது. பொறியாளரிடம் காட்டினேன். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்படியானால் இந்தத் தளத்தில் இனி ஹத்தாத் நான் ஒருவன்தான்” என்றார். “எனக்கு ஒரு கம்பி கூட வளைக்கத் தெரியாதே!”