பெல்ஃபாஸ்டின் கிரௌன் பாரில் ஒரு மதிய உணவு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். விக்டோரியா அரசியின் காலத்துக் கட்டடங்கள் என்றவுடன் ரயில் நிலையங்களும் நீதிமன்றங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஊர் மக்கள் நாள்தோறும் கூடி உண்டு குடித்துப் பேசிய பப்புகளும் அதே மதிப்புக்கு உரியவை என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் சான்றாக, வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட் நகரின் கிரேட் விக்டோரியா தெருவில் இருக்கும் கிரௌன் பாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ரயில் பயணிகளை நம்பித் தொடங்கப்பட்ட இந்த விடுதிக்கு 1885-இல் இன்றைய அழகைத் தந்தவர் பேட்ரிக் ஃபிளானகன். கத்தோலிக்கத் தேவாலயங்களின் கட்டுமானத்துக்காக அயர்லாந்துக்கு வந்திருந்த இத்தாலியக் கைவினைஞர்கள், தங்கள் வேலை முடிந்த பிறகு இங்கு வந்து ஓடு பதித்து, மரம் செதுக்கித் தந்தார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். பலிபீடத்தை ஒத்த பார் மேடையையும், அதன்மீதுள்ள சிவப்புக் கிரானைட்டையும், வண்ணக் கண்ணாடிகளையும், இன்றும் எரியும் எரிவாயு விளக்குகளையும் பார்த்தவர்களுக்கு அச்செய்தியை நம்பத்தான் தோன்றும்.

எனினும் என்னைப் பெரிதும் கவர்ந்தவை, 'ஸ்னக்' எனப்படும் 10 மரத்தடுப்பு அறைகளே. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துப் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. பொது இடத்தில் குடிப்பதைப் பிறர் காண விரும்பாதவர்களுக்காக அமைந்த இவ்வறைகளில், தீக்குச்சி உரசுவதற்கான உலோகத் தகடும், பணியாளரை அழைப்பதற்கான மணியும் இருக்கின்றன. நண்பர்களோடு மதிய உணவுக்குச் சென்றிருந்தபோது அப்படியோர் அறையில் அமர்ந்தோம். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்ந்து கொதித்த ஸ்டூவும், மசித்த உருளைக்கிழங்கில் வெங்காயத்தாளும் வெண்ணெயும் கலந்த 'சாம்ப்' என்னும் உணவும் வந்தன. கதவைச் சாத்தியதும் வெளியிலிருந்த இரைச்சல் தணிந்துவிட்டது. எதிரெதிரே நெருங்கி அமர வைக்கும் அந்தப் பலகைகளில், தட்டுகள் காலியான பின்னும் பேச்சு நீண்டுகொண்டே போனது. நண்பர்கள் பேசுவதற்கென்றே ஓர் அறையை இவ்வளவு கருத்தாக அமைத்த தச்சர்களை நான் வணங்குகிறேன்.

இவையெல்லாம் நமக்குக் கிடைத்ததே பெரிய பேறு. தெருவின் எதிர்ப்புறம் இருக்கும் யூரோப்பா ஹோட்டல், வட அயர்லாந்துக் கலவரக் காலத்தில் 30-க்கும் மேற்பட்ட குண்டுவெடிப்புகளுக்கு இலக்கானது. அவற்றின் அதிர்வில் கிரௌன் பாரும் பலமுறை சேதமடைந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன் உள்ளிட்டோர் வலியுறுத்தியதன் பேரில், பழமையான கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் 1978-இல் இதை வாங்கிச் செப்பனிட்டது. அருங்காட்சியகமாக மாற்றிப் பூட்டிவிடாமல் பப்பாகவே தொடர்ந்து நடக்கவிட்டதுதான் அவர்கள் செய்த மிகச் சிறந்த காரியம். ஆள் அமர்ந்து உண்ணாத ஸ்னக் வெறும் மரப்பெட்டிதானே! ஆகவே, அங்கே செல்லும் வாய்ப்புள்ளவர்கள் கூட்டம் சேர்வதற்கு முன்பே நண்பர்களுடன் போய் ஓர் அறையில் இடம்பிடித்து, நிதானமாகச் சாப்பிடுங்கள். பார் மேடையருகே நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் பாதிதான் தெரியவரும்.