மீன் வாடை இல்லாத கடல்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதினேன். எந்தப் படகுக்கு எத்தனை ஐஸ் பார் போனது, யார் பணம் கட்டினார், யார் பொங்கலுக்கு அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், எல்லாம் என் நோட்டில் இருக்கும். மீன் விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு என் மனைவிக்கு என்னைவிட அதிகம். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனை வாங்கமாட்டாள். அவளிடம் முப்பது வருடமாக மீன் விற்கிற அம்மாவே கூடையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "நீயே எடுத்துக்கம்மா, பணத்தை மட்டும் என்கிட்ட குடு" என்பார்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் 2019 பிப்ரவரியில் ஒரு நாள் முழுக்க மீனை வேடிக்கை பார்ப்பதற்கென்றே டிக்கெட்டோடு கிளம்பினோம். அதுவும் சிங்கப்பூரில்.

மகன் அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். பேத்தி பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. திருச்சியில் விமானம் ஏறிப் போனோம். முதல் பத்து நாள் குழந்தை, கோயில், முஸ்தபா கடை என்று ஓடிவிட்டது. பதினோராம் நாள் மகன், "நீங்க ரெண்டு பேரும் தனியா ஒரு நாள் போய்ட்டு வாங்கப்பா" என்று அச்செடுத்த இரண்டு டிக்கெட்டைக் கையில் கொடுத்தான். செந்தோசாத் தீவிலிருக்கும் கடல்வாழ் உயிரினப் பூங்கா. விலை என்ன என்று கேட்டேன். கடைசிவரை சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு நாள் வெளியே போனது அதுதான் முதல் தடவை. நம் ஊரில் திருவந்திபுரத்துக்குப் போவதென்றாலும் கூட நாலு பேர் வேனில் ஏறிவிடுவார்கள்.

செங்காங்கில் ஏறினால் ஹார்பர்ஃபிரண்ட் வரை ஒரே ரயில், மாறவேண்டியதில்லை. அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியில் முன் கண்ணாடி வழியாகச் சுரங்கம் வந்துகொண்டே இருப்பதைப் பார்க்கலாம். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி பதறிப்போய், "ஆன்ட்டி, உள்ள வைங்க, இங்க சாப்பிடக் கூடாது, 500 வெள்ளி வரைக்கும் அபராதம் போடுவாங்க" என்றாள். அங்கே டாலரை வெள்ளி என்கிறார்கள். மனைவி டப்பாவை மூடிவிட்டு என்னிடம் மெதுவாக, "ஒரு முறுக்கு 500 வெள்ளியாங்க?" என்று கேட்டாள்.

ஹார்பர்ஃபிரண்டிலிருந்து தீவுக்கு நடைபாலம் இருக்கிறது. நடந்தே போனோம். செந்தோசா என்றால் மலாய் மொழியில் அமைதி. நம் சந்தோஷம்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் வைத்த பெயர் அது. அதற்கு முன்னால் அந்தத் தீவின் பெயர் 'புலாவ் பிளாக்காங் மத்தி'. 'பின்னால் சாவு இருக்கும் தீவு' என்பது போலப் பொருள் சொல்கிறார்கள். நல்லவேளை மாற்றினார்கள், அந்தப் பெயருக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

மீனுக்கு முன்னால் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்லவேண்டும். பூங்காவை ஒட்டி அப்போது ஒரு கப்பல் காட்சியகம் இருந்தது. அதில் 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்ற பாய்மரக் கப்பல் நின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுப் பக்கம் மூழ்கிப்போன அரபுக் கப்பல் ஒன்றைப் பார்த்து ஓமான்காரர்கள் கட்டியது. 2010இல் மஸ்கட்டிலிருந்து கொச்சி, இலங்கையின் காலி நகரம் வழியாகப் பாய் விரித்தே சிங்கப்பூர் வரை வந்திருக்கிறது. அதில் பலகைகளை ஆணியால் அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருந்தார்கள். எனக்கு நம் மசூலா படகு ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் கடலூரிலும் புதுச்சேரியிலும் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வர முடியாது, தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது மசூலா. அதுவும் கயிற்றால் தைத்த படகுதான். ஆணி அடித்த படகு அலையடியில் பிளந்துவிடும், தைத்தது நெளிந்து கொடுக்கும். நம் ஊரில் அப்படி ஒன்றைத் தைத்து இப்படிக் கண்ணாடிக் கூரைக்கு அடியில் வைத்தால் என்ன என்று அங்கேயே நின்று ஐந்து நிமிடம் பேசினேன். மனைவி, "மீனைப் பாக்க வந்தமா, கட்டையைப் பாக்க வந்தமா?" என்றாள். சரி என்று உள்ளே போனோம்.

உள்ளே போனதும் அவள் முதலில் சொன்னது, "ஏங்க, மீன் வாடையே அடிக்கலையே."

நியாயமான கேள்வி. ஏறக்குறைய 1 லட்சம் கடல் உயிரினங்கள் இருக்கும் இடம். நம் துறைமுகத்தில் நாலு கூடை மீன் இறங்கினால் ரயில்வே ஸ்டேஷன் வரை தெரியும். அங்கே ஏசியும் கம்பள விரிப்பும்தான் மணத்தது. காரணம் சாதாரணமானது. நாம் மீன் வாடை என்று சொல்வது பெரும்பாலும் மீன் செத்த பிறகு கிளம்புவது. உயிரோடிருக்கிற மீனின் உடம்பில் ஒரு சத்து உண்டு, அதற்கு மணமே கிடையாது. மீன் செத்த பிறகு கிருமிகள் அதை உடைக்கும்போதுதான் வாடை வரும். முப்பத்தொரு வருடம் நான் ஐஸ் விற்றதே அதைத் தள்ளிப்போடத்தான். ஆனாலும் எனக்கும் அது உறைத்தது அங்கே நின்றபோதுதான்.

முதலில் சுறாக் குகை. தலைக்கு மேலும் இரண்டு பக்கமும் கண்ணாடி வளைவு, அதற்கு மேலே சுறா போகிறது. கொம்பன் சுறா ஒன்று எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. சுத்தியல் மாதிரி தலை, இரண்டு ஓரத்திலும் கண். ஏலத்தில் பலமுறை பார்த்த தலைதான். ஆனால் தரையில் கிடக்கும்போது அது கோணலாக, யாரோ தப்பாகச் செய்த பொருள் மாதிரி இருக்கும். தண்ணீரில் அது திரும்ப அந்தத் தலையும் உதவுகிறது என்கிறார்கள். சில சுறாக்கள் ஓயாமல் நீந்துகின்றன, நின்றால் செவுளில் தண்ணீர் ஓடாது, மூச்சு முட்டிவிடும். சில சுறாக்கள் மணலில் சும்மா படுத்துக்கொண்டு வாயாலேயே தண்ணீரை உறிஞ்சித் தள்ளிக்கொள்கின்றன. நம் தெருவிலும் இரண்டு வகை ஆட்களும் உண்டு.

மனைவி மேலே பார்த்துக்கொண்டே நின்றாள். மருமகளுக்குப் பால் ஊற வேண்டும் என்று கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் சுறா கொண்டுவர முடியாமல் போனது அவளுக்குப் பெரிய குறை. அங்கே வந்து கடையில் தேடி வாங்கிச் சுறாப்புட்டு செய்து கொடுத்திருந்தாள். இப்போது மேலே போகிற சுறாவைப் பார்த்து, "கோச்சுக்காதேப்பா, பச்ச உடம்புக்காரி" என்றாள்.

அப்புறம் சொறி. அவர்கள் ஜெல்லி மீன் என்று பலகை வைத்திருந்தார்கள். நமக்குச் சொறிதான், தொட்டால் சொறியும். மூளை கிடையாது, இதயம் கிடையாது, எலும்பு கிடையாது, உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வலையில் இது ஏறிவிட்டால் படகில் எவ்வளவு கெட்ட வார்த்தை கிளம்பும் என்று எனக்குத் தெரியும். அதற்கு அங்கே உருளைத் தொட்டி கட்டி, நீலமும் சிவப்புமாக விளக்குப் போட்டிருந்தார்கள். குடை விரிந்து மூடுவது போலப் போய்க்கொண்டே இருந்தது. "சொறிக்குப் போய் இவ்ளோ லைட்டா" என்றாளே தவிர, அந்தத் தொட்டியை விட்டு அவள் சீக்கிரம் நகரவில்லை.

கடைசியில் பெரிய தொட்டி. இதை எப்படிச் சொல்வது? இருட்டான கூடம், எதிரே சுவர் இருக்கவேண்டிய இடத்தில் கடல். 36 மீட்டர் அகலம், 8.3 மீட்டர் உயரம், இரண்டடிக்கு மேல் கனம். கண்ணாடி என்கிறோமே தவிர அது அக்ரிலிக். 2012இல் திறந்தபோது உலகத்திலேயே அதுதான் பெரியது. இரண்டு வருடத்தில் சீனாவின் சுஹாய் நகரத்தில் கட்டியது அதை மிஞ்சிவிட்டது. உள்ளே 1 கோடியே 80 லட்சம் லிட்டர் உப்புத் தண்ணீர். நம் கணக்கில் சொன்னால், வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் அனுப்பும் திட்டம் இருக்கிறதே, அதில் இரண்டரை மணி நேரத் தண்ணீர்கூட இல்லை. ஆனால் வீராணம் குழாய்க்குள் போகிறது. இது நம் முகத்துக்கு எதிரே நிற்கிறது.

மனைவி ஓரடி பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள். 2004 டிசம்பர் 26, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தேவனாம்பட்டினத்தில் தங்கை வீட்டில் இருந்தாள். அதைப் பற்றி அவள் இதுவரை முழுசாகப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கடலில் கால் நனைக்கமாட்டாள், மீன் மட்டும் வாங்குவாள். "வெளிய போய்டலாமா?" என்று கேட்டேன். "இருங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தரையில் உட்கார்ந்தாள். அங்கே நிறையப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் உட்கார்ந்திருந்தபோது கொம்புத் திருக்கை ஒன்று நேரே கண்ணாடியை நோக்கி வந்து, கடைசி நேரத்தில் நிமிர்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே போனது. திருக்கையை நாங்கள் எத்தனை குழம்பில் பார்த்திருப்போம்! அது விரித்துப் போட்ட சாக்கு மாதிரி சிமெண்டுத் தரையில் கிடக்கும். இது பறந்தது. அதற்குப் பின்னால் பாறை மீன் கூட்டம் ஒன்று ஒரே நேரத்தில் திரும்பியது, நூறு மீனுக்கும் ஒரே கழுத்து போல. எல்லா மீனையும் நான் இத்தனை வருடமாகப் படுத்த நிலையிலேயே பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் பட்டது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் ஒருமுறை பார்த்தபோது அவை பாட்டிலுக்குள் நின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பக்கத்துக் கூடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன். திரும்பி வந்தால் இருட்டில் ஆளைக் காணோம். கைப்பேசியும் வேலை செய்யவில்லை. நாலு தடவை சுற்றிவந்த பிறகு பார்த்தால், மூலையில் ஒரு சீனப் பாட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். பாட்டிக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அது தவிர வேறு தெரியாது. பாட்டி ஒரு பெரிய களவா மீனைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். இவள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பாறை மீனைக் காட்டினாள். பாட்டி தன் தலையைத் தொட்டுக் காட்டி, "கறி, கறி" என்றார். சிங்கப்பூர்க்காரர்களுக்கு மீன் தலைக் கறி என்றால் உயிர் என்பது இவளுக்கும் தெரியும். இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். 1 கோடியே 80 லட்சம் லிட்டர் கடலுக்கு முன்னால் உட்கார்ந்து சமையல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

களவா என்றதும் ஒன்று. களவா இனத்தில் பல மீன்கள் முதலில் பெண்ணாக இருந்து பிறகு ஆணாக மாறுபவை. கொடுவா இதற்கு நேர்மாறு, முதலில் ஆண், வளர்ந்த பிறகு பெண். இதை நான் வெளியே வந்து சொன்னபோது மனைவி அசரவேயில்லை. "பெரிய கொடுவாவை அறுத்தா சினை இருக்கும், சின்னதுல இருக்காது. இதுக்குப் புத்தகம் வேணுமா?" என்றாள்.

கொண்டுபோன புளிச்சோற்றை நடைபாலத்துப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காவில் டால்பின்களோடு தண்ணீரில் இறங்கி நிற்க விடுகிறார்கள், அதற்குத் தனி டிக்கெட். மகன் எடுக்கட்டுமா என்று கேட்டபோதே நான் வேண்டாம் என்றிருந்தேன். அந்த டால்பின்கள் பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் பிடித்துக் கொண்டுவரப்பட்டவை. 27 பிடித்தார்கள், பூங்கா திறப்பதற்குள் மூன்று செத்தன. நம் நாட்டில் 2013 மே மாதமே மத்திய அரசு டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. நம் கரையில் அதை ஓங்கில் என்கிறோம். வலையில் சிக்கினால் நூலை அறுத்து விட்டுவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்; நூல் என்ன விலை என்பதும் எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் கொஞ்சம் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அவள் டப்பாவைக் கழுவி மூடிக்கொண்டே, "ஓங்கிலுக்கு ஒரு நியாயம், திருக்கைக்கு ஒரு நியாயமா? அதுவும் கடல்ல இருந்ததுதானே" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவளிடமும் இல்லை. குழம்பு வைக்கிற வீடு எங்களுடையது.

இந்த ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எனக்குக் கை காட்டுகிறார். இப்போது நான் தொட்டிக்குள் இருக்கிறேன், அவர் வேடிக்கை பார்க்கிறார். சீக்கிரம் முடிக்கிறேன்.

நாங்கள் பார்த்த இடம் இப்போது அப்படியே இல்லை. மூன்று மடங்கு பெரிதாக்கி 2025 ஜூலையில் 'சிங்கப்பூர் ஓஷனேரியம்' என்ற பெயரில் திறந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கு முன்னால் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. மரைன் கிங்டம் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பலாம். கூட நாலு பேரை வேனில் ஏற்றாமல் போய்ப் பாருங்கள்.

நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள் காலை மனைவியோடு மீன் வாங்கப் போனேன். கூடைக்காரம்மா எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, சிங்கப்பூர்ல மீனெல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"எல்லாம் உயிரோட இருக்குது. ஒண்ணு வாங்க முடியல" என்றாள் இவள். கூடைக்குள் கைவிட்டு ஒரு பாறையை எடுத்தாள். வழக்கமாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அன்றைக்கு வாலைப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் செவுளைத் தூக்கினாள். விலை பேசி இருபது ரூபாய் குறைத்தாள்.

வணக்கம்.