நாடாளுமன்றம் கூடாமலே ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம்: லெபனான்ல அது எப்படி நடந்தது?

கேள்வி: ரஃபீக் ஹரீரி கொலைக்காக அமைஞ்ச லெபனான் சிறப்புத் தீர்ப்பாயம், ஒப்பந்தத்தால வந்ததா, ஐ.நா. பாதுகாப்பு சபை உத்தரவால வந்ததா? லெபனான் நாடாளுமன்றம் ஓட்டே போடலைன்னா அது எப்படிச் செல்லும்? ரஷ்யாவும் சீனாவும் ஏன் வீட்டோ போடலை? பெனசிர் பூட்டோ கொலைக்கு ஏன் இப்படி ஒண்ணு அமைக்கலை?

பதில்: ஒப்பந்தமா எழுதினாங்க, உத்தரவா அமலுக்குக் கொண்டுவந்தாங்க. முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில். ஆனா லெபனான் கேட்டதுலிருந்து அந்த உத்தரவு வர்ற வரைக்கும் ஒன்றரை வருஷம் இழுபறி. அதைப் பார்த்தாதான் மத்த கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

2005 பிப்ரவரி 14. பெய்ரூட்ல செயின்ட் ஜார்ஜ் ஹோட்டல் பக்கம், கடற்கரைச் சாலையில, மிட்சுபிஷி கேன்டர் வண்டியில வெச்ச குண்டு வெடிச்சுது. முன்னாள் பிரதமர் ஹரீரியோட சேர்த்து 22 பேர் செத்தாங்க, 226 பேருக்குக் காயம். அப்போ சிரியா ராணுவம் லெபனானுக்குள்ளேயே இருந்தது. லெபனான் போலீஸ், உளவுத்துறை, நீதித்துறை எதையும் ஜனங்க நம்பத் தயாரா இல்லை. ஏப்ரல் 7-ஆம் தேதி பாதுகாப்பு சபை 1595-ஆம் தீர்மானம் போட்டு ஒரு விசாரணை ஆணையம் அமைச்சுது. ஜெர்மனியைச் சேர்ந்த டெட்லெவ் மெஹ்லிஸ் அதுக்குத் தலைவர். ஆணையத்தால சாட்சி விசாரிக்க முடியும், அறிக்கை தர முடியும். குற்றப்பத்திரிகை போடவோ தண்டிக்கவோ முடியாது. அதுக்கு ஒரு கோர்ட் வேணும்.

ஹேக்ல இருக்கிற சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கே அனுப்பியிருக்கலாமேன்னு சிலர் கமெண்ட்ல கேட்கறீங்க. அந்த நீதிமன்றத்தை உருவாக்கின ரோம் சாசனத்துல லெபனான் உறுப்பினர் இல்லை. இருந்திருந்தாலும், பயங்கரவாதம்ங்கறது அந்தச் சாசனத்துல தனிக் குற்றமாவே இல்லை. ஒரு அரசியல் தலைவரைக் குண்டு வெச்சுக் கொன்னா, அது தானா அங்கே போற வழக்கு ஆகாது.

2005 டிசம்பர் 12-ல பத்திரிகையாளரும் எம்.பி.யுமான ஜிப்ரான் துவேனியைக் கொன்னாங்க. மறுநாள் தேதியிட்டு, பிரதமர் ஃபுவாத் சினியோரா ஐ.நா.வுக்கு கடிதம் எழுதினார்: "சர்வதேசத் தன்மை" உள்ள ஒரு தீர்ப்பாயம் வேணும்னு. இதை ஏத்துக்காம, சிரியாவுக்கு நெருக்கமான ஹெஸ்புல்லா, அமல் கட்சிகளோட ஷியா அமைச்சர்கள் அமைச்சரவைக் கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. கோர்ட்டுக்கு ஒரு செங்கல் கூட வைக்கலை, அதுக்குள்ள முதல் விரிசல்.

இங்கே ஐ.நா. முன்னாடி ரெண்டு வழி இருந்தது. யூகோஸ்லாவியா (1993), ருவாண்டா (1994) தீர்ப்பாயங்களைப் பாதுகாப்பு சபை நேரடியா உத்தரவு போட்டு அமைச்சது. சியரா லியோனுக்கு (2002) அந்த நாட்டு அரசோட ஒப்பந்தம் போட்டு அமைச்சாங்க. லெபனானுக்கு ரெண்டாவது வழியைத்தான் எடுத்தாங்க. 2006 மார்ச் 29-ல வந்த 1664-ஆம் தீர்மானம், "அரசோட பேசி ஒப்பந்தம் போடுங்க"ன்னு பொதுச்செயலாளர் கிட்ட சொன்னது. ஐ.நா. சட்ட ஆலோசகர் நிக்கோலா மிஷெல் ஒரு பக்கம், ரெண்டு லெபனான் நீதிபதிகள் இன்னொரு பக்கம் உட்கார்ந்து வாசகத்தை எழுதினாங்க.

அந்த வாசகத்துல நடந்த பேரத்தைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. முதல்ல, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களைச் சேர்க்கலாமான்னு பார்த்தாங்க. பாதுகாப்பு சபையில அதுக்குப் போதுமான ஆதரவு இல்லைன்னு கைவிட்டாங்க. அதனால கடைசியில லெபனான் தண்டனைச் சட்டம் மட்டும்தான் பொருந்தும்னு வந்தது. ரெண்டாவது, முந்தின தீர்ப்பாயங்களோட சாசனங்கள்ல "நாட்டுத் தலைவரா இருந்தாலும் பதவி பாதுகாப்பு தராது"ன்னு ஒரு பிரிவு இருக்கும். இதுல அந்த வரியே கிடையாது. சிரியாவோட தலைநகர் டமாஸ்கஸ் பக்கம் விரல் நீட்டிட்டு இருந்த நேரத்துல அந்த வரி இல்லாம போனது சும்மா மறதியில நடந்திருக்கும்னு நான் நினைக்கலை. மூணாவது, லெபனான் கோர்ட்டுகளுக்கு மேல முன்னுரிமை உண்டு, ஆனா வேற நாடுகளைக் கட்டாயப்படுத்தற அதிகாரம் இல்லை. ஆள் கிடைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதாலதான், குற்றம் சாட்டப்பட்டவர் நேர்ல இல்லாமலே விசாரிக்கலாம்னு 22-ஆம் பிரிவுல எழுதி வெச்சாங்க. மரண தண்டனை கிடையாது, அதிகபட்சம் ஆயுள். செலவுல 51 சதவீதம் மத்த நாடுகளோட நன்கொடை, 49 சதவீதம் லெபனான் தரணும். இந்த 49-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்பத் திரும்ப வரும்.

இப்போ பெய்ரூட்டுக்கு வருவோம். 2006 நவம்பர் 10-ல வரைவு சினியோரா கைக்கு வந்தது. மறுநாள் அஞ்சு ஷியா அமைச்சர்களும் ராஜினாமா. ரெண்டு நாள்ல ஆறாவதா இன்னொருத்தரும் போனார். நவம்பர் 13-ல மிச்சம் இருந்த அமைச்சர்கள் வரைவுக்கு ஒப்புதல் கொடுத்தாங்க.

இந்த இடத்துல ஒரு கணக்கு. லெபனான் அரசியலமைப்போட 69-ஆவது பிரிவுப்படி, அமைச்சர்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிட்டா அரசே கவிழ்ந்ததா அர்த்தம். அமைச்சரவையில 24 பேர். மூணுல ஒரு பங்கு 8, அதுக்கு மேலன்னா 9. ஆறு பேர் போயாச்சு. நவம்பர் 21-ல தொழில்துறை அமைச்சர் பியர் ஜெமாயெலைச் சுட்டுக் கொன்னாங்க. ஏழு. இன்னும் ரெண்டு இடம் காலியானா அரசு இல்லை, அரசு இல்லைன்னா ஒப்பந்தத்துல கையெழுத்து போட ஆளில்லை. அந்தச் சமயத்துல மத்த அமைச்சர்கள் உயிருக்குப் பயந்து அரசுத் தலைமையகத்துக்குள்ளேயே தங்கினதுக்கு இந்தக் கணக்குதான் காரணம்.

அடுத்தது 52-ஆவது பிரிவு. சர்வதேச ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கிற அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு, பிரதமரோட உடன்பாட்டுல. அப்போ தலைவர் எமில் லஹூத், சிரியாவுக்கு வேண்டியவர். "என்னைக் கேட்காம பேசின ஒப்பந்தம் செல்லாது"ன்னு ஐ.நா.வுக்கே எழுதினார். அதே பிரிவுல இன்னொரு விஷயமும் இருக்கு: அரசு நிதியைத் தொடற ஒப்பந்தம்னா நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாம அமலுக்கு வராது. அந்த 49 சதவீதம் அரசு கஜானாவிலிருந்து போகணும். அதனால நாடாளுமன்றத்தைத் தாண்டவே முடியாது.

நாடாளுமன்றத்துல சினியோரா தரப்புக்குப் பெரும்பான்மை இருந்தது. மொத்தம் 128 பேர்ல 70 பேர் தீர்ப்பாயத்துக்கு ஆதரவா ஐ.நா.வுக்கு மனு கொடுத்தாங்க. ஆனா சபையைக் கூட்டற அதிகாரம் சபாநாயகர் நபீஹ் பெர்ரி கையில. அவர் அமல் கட்சித் தலைவர். அவர் வாதம் இதுதான்: அரசியலமைப்போட முகப்புரை, சேர்ந்து வாழற உடன்படிக்கைக்கு விரோதமான எந்த அதிகாரமும் செல்லாதுன்னு சொல்லுது, ஒரு ஷியா அமைச்சர் கூட இல்லாத அமைச்சரவை அனுப்பற மசோதாவை நான் வாங்க மாட்டேன். இதை வெறும் சாக்குன்னு தள்ளிட முடியாது. மதப்பிரிவு வாரியா பதவி பங்கிடற நாடு அது. ஒரு முழுப் பிரிவும் வெளியில நிற்கிற அமைச்சரவை சட்டப்படி செல்லுமாங்கறது நியாயமான கேள்விதான். ஆனா கதவைப் பூட்டி வெச்சுட்டு, ஓட்டே நடக்க விடாம பண்ணினதும் நிஜம்.

ஒப்பந்தத்துல லெபனான் தரப்பு 2007 ஜனவரி 23-லயும், ஐ.நா. பிப்ரவரி 6-லயும் கையெழுத்து போட்டாச்சு. ஆனா 19-ஆவது பிரிவுப்படி, "எங்க நாட்டுச் சட்ட நடைமுறை எல்லாம் முடிஞ்சது"ன்னு லெபனான் எழுதிக் கொடுத்தாதான் அமல். அந்தக் கடிதம் வரவே முடியாத நிலைமை. மே 14-ல சினியோரா பொதுச்செயலாளர் பான் கி மூனுக்கு எழுதினார்: உள்நாட்டு வழி எல்லாம் அடைஞ்சு போச்சு, பாதுகாப்பு சபை பார்த்துச் செய்யட்டும்.

மே 30-ல வந்தது 1757-ஆம் தீர்மானம். இதை எழுதின விதம்தான் சாமர்த்தியம். "ஒப்பந்தம் அமலுக்கு வருகிறது"ன்னு எழுதலை. ஒப்பந்த வாசகத்தை இணைப்பா வெச்சு, ஐ.நா. சாசனத்தோட ஏழாம் அத்தியாயப்படி (நாடுகளைக் கட்டுப்படுத்தற உத்தரவு போட பாதுகாப்பு சபைக்கு அதிகாரம் தர்ற பகுதி), "இணைப்பு ஆவணத்தின் விதிகள்" 2007 ஜூன் 10-ல அமலுக்கு வரும்னு எழுதினாங்க. அதுக்கு முன்னாடி லெபனானே முறைப்படி அறிவிச்சா நல்லது. நம்ம ஊர்ல கிரய ஒப்பந்தம் போட்டவர் பத்திரப்பதிவுக்கு வரலைன்னா, கோர்ட்டே அவர் சார்பில கையெழுத்து போட்டுப் பதிஞ்சு கொடுக்கும் இல்லையா, கிட்டத்தட்ட அது மாதிரி. இதோட ரெண்டு பூட்டுக்கு மாற்றுச் சாவியும் வெச்சாங்க. எந்த ஊர்ல கோர்ட்னு முடிவாகலைன்னா லெபனானைக் கலந்து பேசி, இடம் தர்ற நாட்டோட உடன்பாடு போட்டு முடிவு பண்ணலாம். லெபனான் தன் 49 சதவீதத்தைக் கட்டலைன்னா, குறையற பணத்தை மத்த நாடுகள் கிட்ட வாங்கலாம்.

ஓட்டு: ஆதரவு 10, எதிர்ப்பு 0, ஒதுங்கினவங்க 5. ரஷ்யா, சீனா, தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியா, கத்தார். நிறைவேற 9 போதும். ரஷ்யா சொன்னது: ஒப்பந்தம்னா ரெண்டு தரப்பு சம்மதம் வேணும், ஒரு தரப்போட ஒப்புதல் முழுமையாகாதப்போ சபை அதை அமல்படுத்தறது சட்டப்படி சந்தேகத்துக்குரியது. சீனா சொன்னது: இது லெபனான் சட்டமன்றத்தோட சுதந்திரத்துல தலையிடற முன்னுதாரணம். அப்படின்னா ஏன் வீட்டோ போடலை? என் கணிப்பைச் சொல்றேன். ஹரீரி கொலை சம்பந்தமா முன்னாடி வந்த 1595, 1636, 1644, 1664, இந்த நாலு தீர்மானத்துக்கும் அவங்களே ஆதரவா ஓட்டு போட்டிருந்தாங்க, எல்லாம் 15-க்கு 0. கேட்டு எழுதினது அந்த நாட்டுப் பிரதமர். முக்கியமா, சிரியாவைக் கட்டாயப்படுத்தற வாசகம் 1757-ல இல்லை. பேரத்துல வாங்க வேண்டியதை அவங்க முன்னாடியே வாங்கியாச்சு. அதுக்கப்புறம் வீட்டோ போட்டா, கொலைகாரனுக்குத் துணை போன பேர் மட்டும்தான் மிஞ்சும்.

"அது எப்படிச் செல்லும்"ங்கறதை குற்றம் சாட்டப்பட்டவங்களோட வக்கீல்களே தீர்ப்பாயத்துல கேட்டாங்க. 2012 ஜூலையில விசாரணை அமர்வு சொன்னது: தீர்ப்பாயத்தை அமைச்சது 1757-ஆம் தீர்மானம், ஒப்பந்தம் இல்லை. அக்டோபர்ல மேல்முறையீட்டு அமர்வு, பாதுகாப்பு சபையோட முடிவை ஆராயற அதிகாரமே நமக்கு இல்லைன்னு பெரும்பான்மையா தீர்ப்பு சொன்னது. சட்ட மாணவர்கள் கவனிங்க, "செல்லும்"னு அந்த அமர்வு சொல்லலை. "எங்களால பார்க்க முடியாது"ன்னு சொன்னது. ரெண்டும் ஒண்ணு இல்லை.

தீர்ப்பாயம் 2009 மார்ச் 1-ல ஹேக் பக்கத்துல லெய்ட்ஷெண்டாம்ல திறந்தது. ரெண்டே மாசத்துல, லெபனான் 2005-லிருந்து பிடிச்சு வெச்சிருந்த நாலு ஜெனரல்களை, போதிய ஆதாரம் இல்லைன்னு விடுவிக்கச் சொன்னது. அதுலிருந்து, அவங்களைப் பொய்ச் சாட்சியை நம்பித்தான் பிடிச்சாங்கங்கற "பொய்ச் சாட்சி" விவகாரம் கிளம்பி, தீர்ப்பாயத்தை எதிர்க்கிறவங்களுக்குப் பெரிய ஆயுதமாச்சு. ஹெஸ்புல்லா ஆட்கள் மேல குற்றப்பத்திரிகை வரப்போகுதுன்னு தெரிஞ்சதும், 2011 ஜனவரி 12-ல, ஹரீரியோட மகன் சாத் ஹரீரியோட அரசு கவிழ்ந்தது. அந்த அமைச்சரவையில 30 பேர். ராஜினாமா பண்ணினது 11 பேர். 69-ஆவது பிரிவோட கணக்கு இந்தத் தடவை சரியா விழுந்தது.

அடுத்து வந்த நஜீப் மிகாத்தி, ஹெஸ்புல்லா ஆதரவுல ஆட்சிக்கு வந்தவர். 49 சதவீதத்தை அமைச்சரவையில ஓட்டுக்கு விட்டா தோத்துடும். 2011 நவம்பர்ல, ஓட்டுக்கு விடாமலே பிரதமர் அலுவலகம் வழியா பணத்தைக் கட்டிட்டார். ரெண்டாவது தடவை அந்த 49 கழுத்தைப் பிடிச்சது லெபனான் பொருளாதாரம் சரிஞ்சப்போ. 2021 ஜூன்ல தொடங்க வேண்டிய ரெண்டாவது வழக்கை, பணம் இல்லைன்னு ரத்து பண்ணினாங்க. நன்கொடையில ஓடற தீர்ப்பாயத்துக்கு எப்பவும் இருக்கிற ஆபத்து இது. யூகோஸ்லாவியா தீர்ப்பாயத்துக்கு ஐ.நா. உறுப்பு நாடுகளோட கட்டாயப் பங்களிப்பு இருந்தது.

தீர்ப்பைச் சுருக்கமா சொல்லிடறேன். 2020 ஆகஸ்ட் 18-ல சலீம் அய்யாஷ் மட்டும் குற்றவாளின்னு தீர்ப்பு. 2022-ல மேல்முறையீட்டுல இன்னும் ரெண்டு பேர் குற்றவாளிகள்னு முடிவாச்சு. மூணு பேருமே கூண்டுல நிக்கலை. சிரியாவோ ஹெஸ்புல்லா தலைமையோ ஈடுபட்டதுக்கு நேரடி ஆதாரம் இல்லைன்னும் 2020 தீர்ப்பு சொல்லுது. 2023 டிசம்பர் 31-ல தீர்ப்பாயத்தை மூடிட்டாங்க.

கடைசியா பெனசிர். 2007 டிசம்பர் 27-ல ராவல்பிண்டியில நடந்த கொலை. பாகிஸ்தான் கேட்டது தீர்ப்பாயத்தை இல்லை, விசாரணை ஆணையத்தை. பொதுச்செயலாளரே மூணு பேரை நியமிச்சார்: சிலியோட ஹெரால்டோ முன்யோஸ், இந்தோனேசியாவோட மர்சூக்கி தாருஸ்மான், அயர்லாந்து போலீஸ் அதிகாரி பீட்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட். ஹரீரி கொலைக்கு ஐ.நா. முதல்ல அனுப்பின உண்மை அறியும் குழுவுக்கும் தலைவர் இந்த ஃபிட்ஸ்ஜெரால்ட்தான். ஏழாம் அத்தியாயத் தீர்மானம் எதுவும் பின்னால இல்லை. அவங்களுக்குக் கொடுத்த வேலையே உண்மைகளையும் சூழ்நிலையையும் கண்டுபிடிக்கிறதோட முடிஞ்சது. யார் குற்றவாளின்னு முடிவு பண்றது பாகிஸ்தான் அதிகாரிகள் வேலைன்னு முதல்லயே எழுதியாச்சு. 2010 ஏப்ரல்ல வந்த அறிக்கை, கொலை நடந்த இடத்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள தண்ணி அடிச்சுக் கழுவினதையும், பிரேதப் பரிசோதனை நடக்காததையும் கடுமையாச் சாடினது. அந்த அறிக்கையை வெச்சு வழக்கு நடத்த வேண்டிய கோர்ட் பாகிஸ்தானோடதுதான்.