பாதி ஆள் வந்ததே ஊருக்கு வாழ்வு

நடுவர் அவர்களே, விழாக்குழுவினரே, ஆடிச் சாரலில் குடையை மடக்காமலே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். எனக்குப் பின் வில்லிசை இருக்கிறது. அம்மன் கதை கேட்க வந்தவர்களின் பொறுமையை நான் வாழ்த்துரையில் செலவழிக்கப் போவதில்லை.

வீட்டிலிருந்தபடி பார்க்கும் வெளியூர் வேலை ஊருக்கு வாழ்வா, வெறும் ஆரவாரமா என்பது தலைப்பு. ஆரவாரமே என்று பேசிய எதிரணிப் பேராசிரியர் ஒரு வாக்கியத்தில் இந்தப் பந்தலையே குலுங்க வைத்துவிட்டார். "இடுப்புக்கு மேலே சட்டை, இடுப்புக்குக் கீழே கைலி, மேல்பாதி அமெரிக்காவில் இருக்கிறது, கீழ்ப்பாதிதான் நம் ஊரில் இருக்கிறது, பாதி ஆளால் ஊருக்கு என்ன பயன்?" என்று கேட்டார். நீங்கள் தட்டிய கைதட்டலில் ஒரு தட்டு என் அணியிலிருந்தும் வந்தது. அதை நான் வீட்டுக்குப் போய் விசாரித்துக்கொள்கிறேன்.

அந்தப் பாதி ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், நடுவர் அவர்களே. அவன் எங்கள் தெருவில்தான் இருக்கிறான். கொரோனா ஊரடங்கில் சென்னையிலிருந்து ஊருக்கு வந்தவன், நிறுவனம் அனுமதித்ததால் இங்கேயே தங்கிவிட்டான். அவனுடைய மேலதிகாரி கலிபோர்னியாவில் இருக்கிறார். அங்கே காலை பத்தரை மணி என்றால் நமக்கு இரவு பதினொரு மணி. ஊரே உறங்கும் நேரத்தில் அவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பான். எதிரே யாருமே இல்லாத இருட்டைப் பார்த்து "குட் மார்னிங்" என்பான், சிரிப்பான், தலையாட்டுவான், இரண்டு கைகளையும் விரித்து எதையோ விளக்குவான்.

எதிர்வீட்டு ஆச்சி இதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார். நடுச்சாமத்தில் காலை வணக்கம் சொல்கிறவனை அவர் என்னவென்று நினைப்பார்? அவனுடைய அம்மாவை அழைத்து, "ஏட்டி, பிள்ளை ஒரு நிலையில் இல்லை, அது யாரிடமோ பேசுகிறது, அதற்கு யாரோ பதிலும் சொல்கிறார்கள்" என்றார். அந்தத் தாய் அலறிப்போய் அடுத்த வெள்ளிக்கிழமை இரவே கோடாங்கியை வரவழைத்துவிட்டார். உடுக்கை, வேப்பிலை, எலுமிச்சம்பழம், திருநீறு, எல்லாம் மாடிக்கு ஏறின. பின்னாலேயே நாங்களும் ஏறினோம். இலவசமாகப் பேயோட்டுவதைப் பார்க்கும் வாய்ப்பை எந்தத் தெருதான் விட்டுவிடும்?

மேலே அவன் மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கிறான். பேராசிரியர் சொன்னது உண்மைதான், மேலே சட்டை, கீழே கைலி. திரையில் ஆறு முகங்கள். கோடாங்கி ஒருமுறை உடுக்கையை அடித்தார். ஆறு முகங்களும் திடுக்கிட்டன. இவன் பதறிப்போய்த் தன் குரலை அணைத்துவிட்டு, கைகூப்பி, "அண்ணாச்சி, பத்து நிமிடம் பொறுங்கள், கூட்டம் முடிந்ததும் என்னை எப்படி வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளுங்கள்" என்றான். கோடாங்கியும் பெருந்தன்மையாகக் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து காத்திருந்தார். காத்திருந்த பத்து நிமிடத்தில் அவர் கண்ணெடுக்காமல் அந்தத் திரையையே பார்த்தார். கூட்டம் முடிந்ததும் உடுக்கையைக் கீழே வைத்தார். "தம்பி, என் மகளும் கம்ப்யூட்டர்தான் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், வெளியூருக்கு அனுப்ப எனக்கு மனமில்லை, இதை அவளுக்கும் சொல்லித்தர முடியுமா?" என்று கேட்டார். மறுநாள் காலை அந்தப் பெண்ணின் பயோடேட்டா இவன் கையில் இருந்தது. பேயை ஓட்ட வந்தவர் பேயிடமே மகளுக்கு வேலை கேட்டுப்போன வரலாறு, நடுவர் அவர்களே, எங்கள் தெருவைத் தவிர வேறெங்கும் நடந்திருக்காது.

இவன் மாலை நேரங்களில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் அவள் சேர்ந்தாள். திருமணமாகிப் பக்கத்து ஊருக்குப் போன பிறகும் அந்த வேலை அவளோடு போனது. தேர்வெழுதி, கடிதம் வந்து, பெட்டி கட்டி, விடுதி தேடி, கடைசியில் "பெண் பிள்ளை தனியாக எப்படி இருப்பாள்" என்ற ஒரு கேள்வியில் வீட்டோடு முடங்கிய பெண்கள் இந்தப் பந்தலிலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் விழாக்குழுத் தலைவர் தம் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி அந்தக் கைலிக்கு வருகிறேன். அது எங்கள் ஊர்ப் பஜாரில் வாங்கியது. பேராசிரியர் கேலி செய்த அந்தச் சட்டையைத் தேய்த்துக்கொடுத்தவர் எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். மின்சார வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளிலும் கூட்டம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அவன் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினான், உள்ளூர்க் கடையில். இணைய இணைப்பைக் கொடுத்தவர் முன்பு நமக்குக் கேபிள் டிவி இழுத்துக்கொடுத்த அதே அண்ணாச்சி. இரவில் பசித்தால் பிரானூர் பார்டரிலிருந்து புரோட்டா வருகிறது. மேல்பாதி அமெரிக்காவில் இருக்கிறது என்றாரே, வயிறு எந்தப் பாதியைச் சேர்ந்தது என்பதைப் பேராசிரியர் சொல்லவில்லை.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் தங்கி வேலை பார்க்கும் ஒருவர் வாடகை, உணவு, போக்குவரத்து என்று மாதம் 30,000 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட 50 பேர் ஒரு சிற்றூருக்குத் திரும்பி, அதே தொகையை இங்கே செலவழித்தால், மாதம் 15 லட்சம் ரூபாய் அந்த ஊர்க் கடைகளுக்குள் வருகிறது, கொத்தனாருக்கும் தச்சருக்கும் பால்காரருக்கும் போகிறது. மணியார்டர் காலத்திலிருந்தே நம் பிள்ளைகள் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் வெளியூரில் தின்று, உடுத்து, வாடகை கொடுத்து மிஞ்சியதைத்தான் அவர்களால் அனுப்ப முடிந்தது.

2011ஆம் ஆண்டில் நம் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறைக் கிராமத்தில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் அலுவலகம் திறந்தது. மென்பொருள் எழுதுவதற்குப் பெருநகரம்தான் வேண்டும் என்று நம்பியவர்களுக்கு, தென்னந்தோப்புக்கும் மலைக்கும் நடுவில் அமர்ந்து எழுதியதும் உலகச் சந்தையில் விற்கும் என்று அது காட்டியது. அது அலுவலகம்தானே, வீடு இல்லையே என்று எதிரணி குறுக்கிடும். ஒப்புக்கொள்கிறேன். வேலை ஆளைத் தேடி ஊருக்கு வந்தது என்பதுதான் எனக்கு வேண்டியது. நாற்காலி வீட்டுக் கூடத்தில் இருந்தால் என்ன, அலுவலகக் கட்டடத்தில் இருந்தால் என்ன? அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற நகரம் இருக்கிறது. வெளியூர் நிறுவனத்தில் வேலை பார்த்தபடி எங்கள் நகரில் ஓராண்டு குடியிருந்தால் 10,000 டாலர் தருகிறோம் என்று 2018இல் அங்கே ஓர் அறக்கட்டளை அறிவித்தது. அவர்கள் பணம் கொடுத்து அழைக்கிற ஆளை, நம் ஊர் கோடாங்கியை வைத்து விரட்டப் பார்த்தது.

எதிரணியில் இன்னொருவர் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தை எடுத்துக்காட்டினார். கணினியோடு வந்த வெளிநாட்டவர்களால் அங்கே வாடகை ஏறி உள்ளூர்க்காரர் தவிக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. போர்ச்சுகல் 2022இல் அப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி விசாவும் கொடுத்தது; வெளிநாட்டுச் சம்பளத்தோடு உள்ளூர்ச் சம்பளக்காரரால் போட்டியிட முடியாது. ஆனால் அங்கே வந்தவர்கள் வாடகைக்கு வீடு தேடி வந்த விருந்தாளிகள். நம் ஊருக்கு வந்தவன் தாத்தா கட்டிய வீட்டின் பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஓடு மாற்றிக் குடியேறியவன். அவன் யார் வாடகையை ஏற்றினான்?

மறுபடியும் அந்தப் பாதி ஆளிடமே வருகிறேன், ஏனென்றால் பேராசிரியர் என்னை அங்கிருந்து நகரவிடமாட்டேன் என்கிறார். இந்த ஊரில் இதற்கு முன் முழு ஆளா இருந்தான்? பொங்கலுக்கு வந்து, ஆம்னி பேருந்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து, மாட்டுப்பொங்கல் மாலையே திரும்பிப்போனவனை ஆளென்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? எங்கள் தெருத் தம்பி பகலில் இங்கே இருக்கிறான். கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்கிறான். ஆச்சிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனபோது மனு எழுதிக்கொடுத்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துப்போனவனும் அவன்தான். அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொன்ன அதே ஆச்சி.

நடுவர் அவர்களே, சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் தொலைவான நகரங்களில் இருந்தார்கள். மூத்தவர் வந்து சேர மறுநாள் மதியம் ஆனது. அதுவரை அவர் மனைவியான அந்த அம்மாளின் பக்கத்தில் பெண்கள் இருந்தார்கள். பந்தல் போட, பறை சொல்ல, ஐஸ் பெட்டியைத் தூக்கி இறக்க ஆண்கள் வேண்டுமே? எழுபது வயதுக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். ஐந்தாவதாக நின்றவன் எங்கள் தெருத் தம்பி. அன்றிரவு அவன் மாடியில் நடக்கவில்லை; விடுப்பு வேண்டும் என்று கலிபோர்னியாவுக்கு ஒரு வரி எழுதிவிட்டு அந்த வீட்டுத் திண்ணையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தான். பாடை கிளம்பியபோது முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். அந்த அம்மாளுக்கு இதில் எத்தனை சதவீதம் பொருளாதார வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பேராசிரியர் தம் உரையில், தம்முடைய மகன்கள் இருவரும் புனேயிலும் பெங்களூரிலும் நல்ல நிலையில் இருப்பதாகப் பெருமையோடு சொன்னார். அவர்கள் இன்னும் உயர வேண்டும், நான் மனதார வாழ்த்துகிறேன். தாங்கள் தீர்ப்பு வழங்குமுன் அவரிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டுகிறேன்: நள்ளிரவில் வீட்டம்மாவுக்கு நெஞ்சு வலித்தால், அவர் எந்த மகனின் எண்ணை அழுத்துவார், அந்த மகன் வந்து சேர எத்தனை மணி நேரமாகும்? அவர் பதில் சொல்லத் தயங்கினால், எங்கள் தெருத் தம்பியின் எண்ணை நானே எழுதித் தருகிறேன். இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவான்.

நன்றி, வணக்கம்.