அரை கிலோ மண்

தர்மபுரி மாவட்ட நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். மண் பரிசோதனை பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் செவல் காட்டில் ஒரு வருசம் நிலக்கடலை போட்டிருந்தோம். ஒரு மாசப் பயிர், கொழுந்தெல்லாம் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. உரக்கடையில் கேட்டேன். "யூரியா போடுங்க, பச்சை திரும்பிடும்" என்றார்கள். போட்டேன், திரும்பவில்லை. அப்புறம்தான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார அமில நிலை (pH) 8.4 என்று வந்தது, அதாவது காரத்தன்மையுள்ள மண். அந்தக் காட்டில் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், அதிகம். மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காதபடி சுண்ணாம்பு பிடித்து வைத்திருந்திருக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளித்த பிறகே பச்சை வந்தது. யூரியாவுக்குப் போன காசு போனதுதான்.

செடியையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அடி இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை, அதற்குத்தான் யூரியா. கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புக் குறை. ஆனால் இலை சொல்லும்போது பயிர் பாதி அடிபட்டிருக்கும். மண் முன்கூட்டியே சொல்லிவிடும். தக்காளிக்கு வருசா வருசம் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமுள்ள டி.ஏ.பி. உரத்தைக் கொட்டுகிறோமே, அந்தச் சத்து மிஞ்சினால் துத்தநாகத்தைச் செடி எடுப்பது குறைந்துவிடும். மண்ணில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு மூட்டையை மிச்சம் பிடிக்கலாம்.

மண் எடுப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். அறுவடை முடிந்து, அடுத்த எரு போடுவதற்கு முன்னால் எடுங்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் 'வி' போல வெட்டி, அந்த மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழே ஒரே சீராகச் சுரண்டுங்கள். கடலை, ராகிக்கு 15 சென்டிமீட்டர் ஆழம். மரவள்ளி, கரும்புக்கு 22 சென்டிமீட்டர் வரை போக வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பாகத்தைத் தள்ளித் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

மாடித் தோட்டம் வைத்திருக்கிற அம்மாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கழுவாத தென்னை நார்க் கழிவிலும், உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் பாசனத்திலும் தொட்டியில் உப்பு ஏறும். இலை ஓரம் கருகினால் இன்னும் உரம் போடாதீர்கள். நாலைந்து தொட்டி மண்ணைக் கலந்து கொடுத்துப் பாருங்கள்.

பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்திலோ மண் பரிசோதனை பற்றி விசாரியுங்கள். உரச் சாக்கில் மட்டும் மண்ணைக் கட்டாதீர்கள், ஒட்டியிருக்கும் உரமே முடிவை மாற்றிவிடும். சுத்தமான துணிப்பையில் போட்டு, உள்ளே ஒரு சீட்டில் பெயர், சர்வே எண், போன பயிர், அடுத்து வைக்கப்போகும் பயிர் எல்லாம் எழுதி வையுங்கள்.