ஓரத்தை வெட்டாதீர்கள்

வணக்கம். பழைய போஸ்டர், லேபிள் மாதிரி அச்சுக் காகிதங்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கிறேன், அதில் நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான் இன்று. மேசை முழுக்கப் பழைய காகிதம், கேமராவை வைக்க இடமில்லை. கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு படங்களையும் பாருங்கள். ஒரே நாடகப் போஸ்டர்தான். இடதுபக்கம் நான் முதலில் ஸ்கேன் செய்தது. கறை, மடிப்பு எதுவும் இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது, இல்லையா? வலதுபக்கம் மறுபடி எடுத்தது. அழுக்கு, ஆணி ஓட்டை, அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. அச்சகத்தின் பெயர் அந்த வரியில்தான் இருக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று அதைத்தான் வெட்டியிருக்கிறேன். அதுவும் கிட்டத்தட்ட 200 படங்களில்! பாதி அசல்களைக் கொடுத்தவர்களிடமே திருப்பிவிட்டேன். மறுபடி கேட்கப் போனபோது, ஒருவர் அதற்குள் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டார். வெட்டியது நான், யாரைக் குறை சொல்ல?

இந்தப் போஸ்டரை வரைந்தவர் யாரென்று எங்கும் இல்லை. அந்த ஒரு வரியும் போய்விட்டால் தேடத் தொடங்கவே இடமிருக்காது. பெயர் பெற்ற டிசைனர்களின் வேலையை அருங்காட்சியகங்கள் பார்த்துக்கொள்ளும். டிக்கெட், லேபிள், துண்டுப்பிரசுரம் இதையெல்லாம் யார் எடுத்து வைப்பது? ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தில் இருந்த ஜான் ஜான்சன், குப்பைக் கூடைக்குப் போக வேண்டிய காகிதங்களாகப் பார்த்துச் சேர்த்தார். 1968ல் அந்தச் சேகரிப்பு அதே பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்துக்குப் போனது. அது ஒரு மனிதரின் ஆசை. இன்று பீப்பிள்ஸ் கிராஃபிக் டிசைன் ஆர்க்கைவ் போன்ற இணையக் காப்பகங்களில் யார் வேண்டுமானாலும் படத்தை ஏற்றலாம். இது நல்ல டிசைனா என்று வாசலில் நின்று கேட்க ஆளில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் பலர் சேர்ந்து செய்வதன் பலன் படங்களின் எண்ணிக்கையில் இல்லை. இந்தப் போஸ்டரையே அச்சகத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். நான் "மூன்று நிறம்" என்று குறித்து வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி, இதில் பச்சை மையே கிடையாது. மஞ்சள் மேல் நீலம் ஏறியிருக்கிறது. மூன்றாவது மைக்குக் காசு இருந்திருக்காது" என்றார். எந்த ஸ்கேனரும் இதைச் சொல்லாது. அதனால் இப்போதெல்லாம் ஆட்கள் பேசுவதையும் பதிவு செய்துவிடுகிறேன், அவர்கள் சம்மதத்தோடு.

சரி, எப்படிச் செய்கிறேன் என்று கேட்பீர்கள். சின்ன அச்சுக்கு 600 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி. குறைவாக வைத்தால் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரும் மோதிக்கொண்டு அலை அலையாகக் கோலம் விழும். தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு பத்திரமாக இருக்கும். பகிர்வதற்கு மட்டும் ஜேபெக். பின்பக்கமும் கட்டாயம். விவரம் எழுத டப்ளின் கோர் என்று 15 கட்டங்கள் உள்ள ஒரு முறை இருக்கிறது. பதினைந்தையும் நிரப்பச் சொன்னால் மறுநாள் யாரும் வர மாட்டார்கள். என்ன, யார், எப்போது, யாரிடமிருந்து வந்தது, இதெல்லாம் எப்படித் தெரியும். இந்த ஐந்து போதும். கடைசிக் கேள்விதான் முக்கியம். "1974" என்று எழுதுவதும் "1970கள், எழுத்தின் பாணியை வைத்து ஊகம்" என்று எழுதுவதும் ஒன்றல்ல.

இன்னொன்று. காகிதம் உங்களிடம் இருப்பதால் பதிப்புரிமையும் உங்களுடையது ஆகிவிடாது. வரைந்தவரோ குடும்பமோ எடுத்துவிடச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதை முதலிலேயே பேசி வையுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே சமூக ஊடகக் கணக்கில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸை 2009ல் யாஹூ மூடியபோது, சாதாரண மக்கள் கையால் செய்த பக்கங்கள் ஏராளமாக அழிய இருந்தன. ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்கள் அவசர அவசரமாக இறக்கியதால் கணிசமான பகுதி தப்பியது. எல்லாத் தடவையும் அப்படி ஆள் வருமா?

கடைசியாக இந்தத் தீப்பெட்டி லேபிள். முன்பக்கம் ஒரு மயில். பின்பக்கத்தைப் பாருங்கள், பென்சிலில் ஒரு கணக்கு: 48, 48, 36. எதன் கணக்கென்று இதுவரை காட்டிய யாருக்கும் புரியவில்லை. அதையும் ஸ்கேன் செய்துவிட்டேன், இந்த முறை ஓரத்தோடு. லைட் சூடாகிவிட்டது, நிறுத்துகிறேன்.